செவ்வாய்க்கிழமை இல்லாத கன்னித்தீவு

போன ஞாயிற்றுக்கிழமை கடைசிப் பக்கத்தையும் ஸ்கேன் செய்து முடித்தேன். மொத்தம் 116 கன்னித்தீவு, தினத்தந்தியில் நாளுக்கொன்றாக வந்த படக்கதைத் துண்டுகள். ஒன்று தண்ணீரிலேயே கரைந்து போனதால் 115 என்று சொல்வதுதான் நியாயம். ஆறு மாதம் ஆகியிருக்கிறது. அதில் பாதி, நானே உண்டாக்கிய சேதத்தை நானே சரிக்கட்டப் போன நேரம்.

அம்மாவைப் பெற்ற தாத்தா கோவில்பட்டியில் சலூன் வைத்திருந்தார். கடைக்குத் தினத்தந்தி வாங்குவார். காத்திருக்கிறவர்கள் கையில் நாள் முழுக்கப் புரண்டு, மடிந்து, ராத்திரி பெஞ்சுக்கடியில் கிடக்கும். மறுநாள் காலையில் கடையைத் திறந்ததும் முதல் வெட்டு கன்னித்தீவுக்குத்தான். முடிவெட்டுகிற அதே கத்தரி. வெட்டியதை ஒரு பழைய பேரேட்டில் ஒட்டி, மேலே நீல மையில் தேதி எழுதி வைப்பார். தாத்தா போய்ப் பல வருஷம் கழித்து மாமா வீட்டுப் பரணைச் சுத்தம் செய்தபோது அந்தப் பேரேடு கிடைத்தது.

கன்னித்தீவு 1960இல் தொடங்கியது. மந்திரவாதி மூசா பொம்மை அளவுக்குச் சுருக்கிவிட்ட லைலாவை வைத்துக்கொண்டு சிந்துபாத் அலைகிற அலைச்சல். ஒரு வேலை முடியாமல் இழுத்தால் ‘என்னய்யா, கன்னித்தீவு மாதிரி’ என்று சொல்கிறோமே, அதே கன்னித்தீவு. அமெரிக்கப் படக்கதைக்காரர் லீ ஃபாக் 1934இல் மந்திரவாதி மாண்ட்ரேக்கையும் 1936இல் முகமூடி வீரர் வேதாளரையும் அங்கத்தித் தினசரிகளில் இறக்கிவிட்டு நாளுக்குச் சில கட்டமாக நடத்தினார் அல்லவா, அதே வித்தைதான் இங்கேயும். ஆனால் மரியாதை ஒன்றல்ல. என்னோடு காமிக்ஸ் சேர்க்கிற நண்பர்கள் 1972இல் வந்த முத்து காமிக்ஸ் முதல் இதழையும் இந்திரஜால் காமிக்ஸில் வந்த வேதாளரையும் குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்குவார்கள். கன்னித்தீவை யாரும் சேர்த்து வைத்து நான் பார்த்ததில்லை. மறுநாள் அது வடை எண்ணெய் ஒற்றுகிற தாள்.

பேரேடு 34 செ.மீ. உயரம், 21 செ.மீ. அகலம். ஒட்டியிருப்பது 34 பக்கங்களில். பக்கத்துக்கு நான்கு இடம், ஆக 136 இடம். அதில் 20 இடம் காலி. காலி இடத்திலும் மேலே தேதி இருந்தது. பசை காய்ந்து இருபது துண்டுகள் உதிர்ந்துவிட்டன போல என்று நினைத்துக்கொண்டேன். காலி இடத்தை விரலால் தடவிப் பார்த்திருந்தால் அங்கே பசைத் தடமே இல்லை என்று தெரிந்திருக்கும். தடவவில்லை.

சேதம் மூன்று வகை. ஒன்று, இராமபாணப் பூச்சி. மாவுப் பசை இருந்த இடமாகப் பார்த்துச் சுரண்டியிருந்தது. இரண்டு, அதற்கு மாற்றாகத் தாத்தா செய்த வைத்தியம். சுவரொட்டி ஒட்டுகிறவர்கள் மாதிரி, பேரேட்டின் பாதிக்கு மேலான பக்கங்களில் பசையோடு மயில்துத்தம் கலந்திருக்கிறார். அந்தப் பக்கங்களைப் பூச்சி தொடவில்லை, ஆனால் பசை பட்ட இடமெல்லாம் தாள் காப்பிப்பொடி நிறத்துக்குப் போய், மடித்தால் ஒடிகிறது. ஓரத்தில் பச்சையும் நீலமுமாகப் பூத்திருக்கிறது. மூன்றாவது, பிற்பாடு யாரோ நல்லெண்ணத்தில் ஒட்டிய செல்லோடேப். டேப் உதிர்ந்துவிட்டது, கறை போகவில்லை, போகவும் போகாது.

முதல் வேலை பூச்சி. பேரேட்டை இரண்டு பிளாஸ்டிக் பைக்குள் காற்றை வெளியேற்றிக் கட்டி ப்ரீசரில் ஒரு வாரம் வைத்தேன். எடுத்த பிறகு ஒரு நாள் முழுக்கப் பையைப் பிரிக்கவில்லை. குளிர்ந்த தாளில் காற்றின் ஈரம் வியர்வையாகப் படியும் என்று தெரிந்திருந்தது. இந்த ஒன்றை மட்டும் சரியாகச் செய்தேன்.

அடுத்துதான் அவசரம். துண்டுகளைப் பேரேட்டிலிருந்து பிரித்தெடுக்காமல் ஸ்கேன் நன்றாக வராது என்று எனக்குள் ஒரு முடிவு. ஏன் அப்படி முடிவு செய்தேன் என்று இப்போது கேட்டால் பதில் இல்லை. மாவுப் பசை ஈரத்துக்கு இளகும். ஒற்றுத்தாளை நனைத்துப் பிழிந்து, பக்கத்தின் முதுகில் வைத்து, மேலே பிளாஸ்டிக் தாள் போட்டு மூடினால் அரை மணி நேரத்தில் துண்டு தளரும், மூங்கில் பட்டையை உப்புத்தாளில் தேய்த்து மழுக்கி அடியில் நுழைத்தால் வந்துவிடும். இவ்வளவும் சரிதான். பக்கம் பக்கமாகச் செய்திருக்க வேண்டும். நானோ முதல் பாரத்தின் (சேர்த்துத் தைத்த தாள்கட்டு) தையலைப் பிரித்து, எட்டுத் தாளையும் ஒரேயடியாக ஈர ஒற்றுத்தாள்களுக்கு நடுவே அடுக்கி, மேலே கண்ணாடியும் அதன்மேல் ஐந்து கிலோ அரிசிப் பையும் வைத்துவிட்டுத் தூங்கப் போனேன்.

காலையில் துண்டுகள் எல்லாம் அழகாகக் கழன்றன. தாத்தா எழுதிய தேதிகளும் கழன்றிருந்தன. பவுண்டன் பேனா மை. பதினாறு பக்கத்திலும் ஒவ்வொரு இடத்துக்கு மேலேயும் ஒரு நீல மேகம், அவ்வளவுதான். அச்சு மை எண்ணெய்யில் குழைத்த கரி, அது தண்ணீருக்கு அசையாது. அதைப் பழைய நாளிதழ் ஒன்றில் சோதித்தும் பார்த்திருந்தேன். பேனா மையைச் சோதிக்கத் தோன்றவில்லை. காது குடைகிற பஞ்சுக் குச்சியை நனைத்து ஓர் எழுத்தின் ஓரத்தில் தொட்டால் போதும், பத்து வினாடி வேலை. பிரிக்கும் முன் போனில் ஒரு படம் எடுத்திருந்தால்கூட இந்தப் பதிவு பாதியாகக் குறைந்திருக்கும். 64 இடத்தின் தேதி போயிற்று. மிச்சம் 18 பக்கத்தில் தேதி தப்பித்தது, நான் இன்னும் கை வைக்கவில்லை என்ற ஒரே காரணத்தால்.

இரண்டு வாரம் அதைத் தொடவில்லை.

பிறகு, கழன்ற 55 துண்டுகளையாவது உருப்படியாக்குவோம் என்று உட்கார்ந்தேன். தாளை ஒடியவைக்கிற அமிலத்தை நீக்க வேண்டும். சுண்ணாம்புத் தெளிநீர் நல்லது என்று படித்திருந்ததால், தாத்தாவின் துண்டை விட்டுவிட்டு (அவ்வளவு புத்தி வந்திருந்தது) 1990களின் நாளிதழ்த் துண்டு ஒன்றை முக்கினேன். சில நிமிஷத்தில் மஞ்சள் தேய்த்துக் குளித்த மாதிரி ஆகிவிட்டது. மரக்கூழ்த் தாளுக்கு அவ்வளவு காரம் ஆகாது. அடுத்து மில்க் ஆஃப் மெக்னீசியாவும் சோடாவும். மருந்துக்கடையில் கேட்டதும் கொடுத்த பாட்டிலில் மெக்னீசியாவோடு லிக்விட் பாரபினும் சேர்ந்திருந்தது, மலச்சிக்கலுக்கு அதுதான் நல்லதாம். சோதனைத் துண்டு அப்பளம் மாதிரி எண்ணெய் பூசிக்கொண்டு வந்தது. 130 ரூபாய் தண்டம். லேபிளைப் படித்து, வெறும் மெக்னீசியம் ஹைட்ராக்சைடு மட்டும் உள்ளதை 95 ரூபாய்க்கு வாங்கினேன். ஒரு லிட்டர் சோடாவில் இரண்டு தேக்கரண்டி, மூடி இறுக்கி ராத்திரி முழுக்கக் குளிர்பெட்டியில். காலையில் மேலாகத் தெளிந்த நீரை மட்டும் வடித்துக்கொள்ள வேண்டும்.

முதல் துண்டை அதில் மிதக்கவிட்டு ஒரு மணி நேரம் கழித்து இரண்டு விரலால் தூக்கினேன். நடுவில் அறுந்தது. பதறி மறு கையைக் கொடுத்ததும் நாலாகப் பிரிந்து கூழாயிற்று. 116இல் போன ஒன்று அதுதான். நனைந்த நாளிதழுக்குத் தன் எடையைத் தாங்கும் தெம்பு கிடையாது. அதன் பிறகு பழைய நைலான் கொசுவலையை 25க்கு 12 செ.மீ. துண்டுகளாக வெட்டி, இரண்டு வலைக்கு நடுவே கன்னித்தீவை வைத்து, வலையோடு முக்கி வலையோடு எடுத்தேன். மீதி 54இல் ஒன்றுகூடக் கிழியவில்லை. செலவே இல்லாத இந்தக் கொசுவலைதான் மொத்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த கருவி. அமிலம் பார்க்கிற பி.எச். தாளில் முன்னே 5ஐ ஒட்டிக் காட்டியது (7க்குக் கீழே என்றால் அமிலம்) பின்னே 8க்கு வந்தது. தட்டில் மிஞ்சிய தண்ணீர் கட்டங்காப்பி நிறம்.

ஒட்டுவதற்குப் பசை. மைதாவைக் கிண்டி ஒட்டிப் பார்த்தேன். காய்ந்ததும் தாளை இழுத்துச் சுருக்கியது. மாவிலுள்ள பசைச்சத்து போக, மாச்சத்து மட்டும் வேண்டும் என்று தெரிந்தது, ஆனால் அதைத் தனியாக எங்கே வாங்குவது? அம்மாதான், “ஏல, அல்வாவுக்குப் பால் எடுக்க மாட்டோமா?” என்றாள். கோதுமையை ஊறவைத்து ஆட்டி, துணியில் பிழிந்து, பாலைத் தெளிய வைத்து, மேல் தண்ணீரைக் கொட்டிவிட்டு அடி மண்டியை எடுத்தால் அதுதான் நான் தேடியது. திருநெல்வேலிப் பக்கம் பிறந்துவிட்டு இதை நானாக யோசிக்காதது வெட்கம். ஒரு பங்கு மண்டிக்கு ஐந்து பங்கு தண்ணீர், சின்ன நெருப்பில் இருபது நிமிஷம் கைவிடாமல் கிண்டி, ஆறியதும் துணியில் தேய்த்து வடிகட்டினால் தயிர்ப் பதம். மூன்று நாளுக்கு மேல் தாங்காது. மயில்துத்தம் போடவில்லை.

கிழிசலுக்கு ஜப்பான் மெல்லிழைத் தாள். ஒரு சின்னக் கட்டு 1,100 ரூபாய், இந்தக் கணக்கிலேயே பெரிய செலவு. ஊசியால் கோடு கீறி, ஈரத் தூரிகையை ஓட்டி, கத்தரிக்காமல் கையால் பிய்க்க வேண்டும். பிய்த்த ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கிற இழைதான் பிடிமானம். 5 மி.மீ. அகலப் பட்டை போதும், நான் முதல் பத்தில் 15 மி.மீ. வைத்துத் தடிப்பாக்கிவிட்டேன். கட்டின் கால்வாசிகூடச் செலவாகவில்லை. அடுத்த முறை நண்பர்கள் யாரிடமாவது இரண்டு தாள் கடன் கேட்பேன்.

துண்டுகளின் முதுகில் ஒட்டுப்போட உட்கார்ந்தபோதுதான் அந்த முதுகுகளை முதல் முறையாகப் பார்த்தேன். பாதி விளம்பரம், நெல் விலை, கால் தலைப்புச் செய்தி. அதைப் பிறகு சொல்கிறேன்.

ஸ்கேனர் என்னிடம் இருந்தது, யூ.எஸ்.பி.யில் ஓடுகிற மெல்லிய வகை. இந்த வகைக்குக் கண்ணாடிக்கு ஒட்டி இருப்பது மட்டும்தான் தெரியும். தாள் ஒரு மி.மீ. எழும்பினாலும் அந்த இடம் மங்கல். அழுத்தி உலர்த்திய துண்டுகளுக்குப் பிரச்சினை இல்லை, பேரேட்டில் ஒட்டியபடி இருந்த பக்கங்களில் மடிப்பு ஓரமெல்லாம் புகை. கடைசியில் அந்த 18 பக்கத்துக்கு நண்பர் வீட்டிலிருந்த பழைய கனமான ஸ்கேனரை இரவல் வாங்கினேன். அதன் பார்வைக்கு ஆழம் உண்டு, மேடு பள்ளம் தெளிவாக வந்தது. 600 டிபிஐ, கறுப்பு வெள்ளை வேண்டாம், சாம்பல் நிறத்தில் எடுக்க வேண்டும். முதுகு அச்சு முன்னால் நிழலாடாமல் இருக்கத் துண்டுக்குப் பின்னால் வெள்ளைத் தாளுக்குப் பதில் கறுப்புச் சார்ட். பத்து ரூபாய்ச் சார்ட் செய்த வேலையைப் படம் திருத்துகிற ஜிம்ப் மென்பொருளில் நாலு மணி நேரம் உட்கார்ந்தாலும் செய்திருக்க முடியாது.

ஸ்கேன் செய்த பக்கங்களைச் சுத்தம் செய்கிற ஸ்கேன் டெய்லர் மென்பொருளில் போட்டு ஓட்டியபோது இன்னொரு கூத்து. அழுக்குப் புள்ளிகளைத் தானாக நீக்கும் வசதியை நடுத்தரத்தில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்தால் சிந்துபாத், ‘சிநதுபாத’ ஆகியிருந்தான். அழுக்கோடு சேர்த்து மெய்யெழுத்துப் புள்ளிகளையும் துடைத்திருக்கிறது. தமிழ் ஸ்கேனில் அந்த வசதியை அணைத்துவிடுங்கள். அழுக்கைக் கையால் எடுக்க ஒரு துண்டுக்குப் பத்து நிமிஷம் ஆகிறது, ஆகட்டும்.

இனி அந்தத் தேதி விஷயம்.

கன்னித்தீவில் நாளுக்கொரு எண் அச்சாகியிருக்கும். அதனால் வரிசை குலையவில்லை, தேதிதான் இல்லை. பேரேட்டின் இடங்களுக்கு 1, 2, 3 என்று எண் போட்டு, எது எது காலி என்று எழுதினேன். முதல் பாரத்தில் 6, 13, 20, 26, 33, 40, 46, 53, 60. ஏழு ஏழாகத் தாண்டுகிறது, இரண்டு இடத்தில் மட்டும் ஆறு. உதிர்ந்த துண்டு இவ்வளவு ஒழுங்காகவா உதிரும்? ராத்திரி பதினொரு மணிக்கு அம்மாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன்.

“செவ்வாக்கெழம சலூன் ஏதுல? அன்னைக்கு அவரு பேப்பரே வாங்க மாட்டாரு.”

சலூனுக்குச் செவ்வாய் விடுமுறை என்பது ஊரறிந்த விஷயம். எனக்கும் தெரியும், எத்தனையோ செவ்வாய்க்கிழமை பூட்டிய கடை வாசலில் நின்று திரும்பியிருக்கிறேன். தாத்தா வாங்காத நாளுக்கும் இடம் விட்டு, தேதியும் போட்டு வைத்திருக்கிறார். என்றாவது யாரிடமாவது கிடைக்கும் என்று நினைத்தாரோ என்னவோ.

அதன் பிறகு கணக்கு தானாக ஓடியது. தேதி தப்பித்த முதல் இடம் 65, அங்கே 30-11 என்று இருந்தது. அங்கிருந்து எண்ணுக்கு ஒரு நாள் வீதம் பின்னால் போனேன். 60, 53, 46 மூன்றும் 25, 18, 11 தேதிகளில், அதாவது செவ்வாயில் விழுந்தன. 40 புதனில் விழுந்தது. காலி இடம் புதனாக இருக்க முடியாது, எனவே 40க்கும் 46க்கும் நடுவே ஒரு நாள் பேப்பரே வரவில்லை. இன்னும் பின்னால் போனால் 20 வியாழனில் விழுகிறது, அங்கே இன்னொரு நாள். பண்டிகைக்கு அச்சகம் மூடினால் மறுநாள் இதழ் இருக்காதே, அதுதான். இரண்டையும் கழித்தால் பேரேட்டின் முதல் இடம் செப்டம்பர் 25. முதல் பாரத்தின் 64 தேதியும் திரும்பி வந்துவிட்டது, பண்டிகையை ஒட்டிய ஓரிரு நாள்தான் சந்தேகம்.

வருஷம் மட்டும் தாத்தா எங்கேயும் எழுதவில்லை. நவம்பர் 25 செவ்வாயாக வருகிற வருஷங்கள் 1969, 1975, 1980, 1986. இங்கேதான் முதுகுகள் கைகொடுத்தன. 41ஆம் இடத்துத் துண்டின் பின்னால் சினிமா விளம்பரம் ஒன்றின் மூலை, ‘நிழல்கள்’ என்ற பெயரும் ‘தீபாவளி முதல்’ என்பதும் தெரிந்தன. ‘நிழல்கள்’ 1980 நவம்பர் 6, தீபாவளிக்கு வந்த படம். ‘வறுமையின் நிறம் சிவப்பு’, ‘பொல்லாதவன்’ எல்லாம் அதே நாள். காணாமல் போன ஒரு நாள் 40க்கும் 46க்கும் நடுவே வருவதும் பொருந்துகிறது, தீபாவளிக்கு மறுநாள். அக்டோபர் மூன்றாம் வாரத்தில் விழுகிற மற்றது ஆயுத பூஜையாக இருக்க வேண்டும். பேரேட்டிலிருந்து கழற்றாமல் விட்டிருந்தால் முதுகைப் பார்த்திருக்க மாட்டேன், வருஷம் தெரிந்திருக்காது. அதற்காகச் செய்தது சரி என்று சொல்ல மாட்டேன். ஓரிரண்டு துண்டைக் கழற்றியிருந்தால் போதும்.

115ஐயும் வரிசையாகக் கணினியில் வைத்து ஒரே மூச்சில் படித்தபோது இன்னொன்று தெரிந்தது. நாலரை மாதக் கதையில் செவ்வாய் எல்லாம் இல்லை, ஆனால் எங்கேயும் தடுக்கவில்லை. புதன்கிழமை முதல் கட்டம் செவ்வாயின் கடைசிக் கட்டத்தைத் தொட்டுக்கொண்டுதான் தொடங்குகிறது. ஒரேயடியாகப் படிக்கிறவனுக்கு இது சலிப்பு. என் நண்பர் ஒருவர் வேதாளர் தினசரிப் பட்டைகளைத் தொகுப்பாகப் படித்துவிட்டு, சொன்னதையே சொல்கிறார்கள் என்று அலுத்துக்கொள்வார். வாரத்துக்கு ஒரு நாள் கடை பூட்டுகிறவனுக்கும், முடிவெட்ட மாதம் ஒரு முறை வந்து பெஞ்சில் உட்காருகிறவனுக்கும் அந்த முதல் கட்டம் போட்டதே.

மாமா அந்த 20 செவ்வாயையும் நூலகத்தில் தேடிப் பிரதி எடுத்து ஒட்டிவிடலாமே என்கிறார். பிரதி கிடைத்தால் கணினியில் சேர்ப்பேன், பேரேட்டில் ஒட்ட மாட்டேன். மிச்ச 18 பக்கத்தையும் கழற்றப் போவதில்லை, அவற்றுக்கு மெக்னீசியாக் குளியலும் கிடையாது. இடையில் மெல்லிய வெள்ளைத் தாள் வைத்து அப்படியே பெட்டியில் படுத்திருக்கின்றன. மேகமான 16 பக்கத்தையும் தூக்கிப் போடவில்லை. ஒற்றுத்தாள் 240, பி.எச். தாள் 110, சோடா மூன்று பாட்டில் 60, சார்ட் இரண்டு 20, அட்டைப் பெட்டி 350, முன்னே சொன்னவற்றோடு கூட்டினால் 2,105 ரூபாய். கோதுமைக்கு அம்மா காசு கேட்கவில்லை, மிஞ்சிய பாலில் அல்வா கிண்டினாள்.

பரணில் இன்னொரு பேரேடு இருந்ததாக மாமா நேற்றுதான் சொன்னார், கொண்டுவந்தும் கொடுத்துவிட்டார். இது மெலிந்தது, ஆனால் மயில்துத்தப் பச்சை பக்கத்துக்குப் பக்கம். முதலில் எல்லாப் பக்கத்தையும் போனில் படம் எடுத்தேன். பஞ்சுக் குச்சியால் தேதியை ஓரமாகத் தொட்டேன், நீலம் ஒட்டிக்கொண்டு வந்தது. தண்ணீர்ப் பாத்திரங்களை எல்லாம் கழுவிக் கவிழ்த்துவிட்டேன். பேரேடு இரண்டு பைக்குள் ப்ரீசரில் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமைக்கு வாங்கின மீனுக்கு இடமில்லை என்று அம்மா சத்தம் போட்டுக்கொண்டிருக்கிறாள்.